பக்கத்து வீட்டுப் பையன் எந்த கிளாஸுக்கும் போகல

இங்கிலாந்துல எங்க ரெடிங் ஊர் தமிழ் ஆளுங்க வாட்ஸப் குரூப்ல மாசம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும். "பையனுக்கு ஒன்பது வயசு, நல்ல கோடிங் கிளாஸ் எதுன்னு சொல்லுங்க, ஆன்லைனா இருந்தாலும் பரவால்ல." உடனே லிங்க்கா கொட்டும். ஒருத்தர் முதல் டெமோ ஃப்ரீம்பார், இன்னொருத்தர் அதெல்லாம் வேஸ்ட், கோயம்புத்தூர்ல ஒரு சார் இருக்கார், ஜூம்லயே சூப்பரா எடுக்கிறார்ம்பார். நான் படிச்சிட்டு அப்படியே தள்ளி விட்டுடுவேன். ஆனா கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ் நண்பர் ஒருத்தர் குடும்பத்தோட ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தார், வாசல்ல ஷூ கழட்டும்போதே நின்னுட்டார். எங்க வீட்டு ஷூ ரேக் மேல ஒரு குட்டி போர்டு இருக்கு. கருப்பு ஸ்கிரீன், மூணு இஞ்ச் இருக்கும், அதுல மஞ்சள் எழுத்து, அசல் ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல தொங்குற மாதிரியே. எங்க எர்லி ஸ்டேஷன்ல இருந்து லண்டன் வாட்டர்லூ போற அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, நேரத்துக்கு வருதா லேட்டா எல்லாம் காட்டும், நடு வரியில நிக்கிற ஊரெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், வின்னர்ஷ் ட்ரையாங்கிள், வின்னர்ஷ், வோக்கிங்ஹாம், பிராக்னெல், மார்ட்டின்ஸ் ஹெரான், ஆஸ்கட்னு. கீழ கடிகாரம், வினாடியோட.

"இது எங்கண்ணே வாங்கினீங்க?" "வாங்கல, பக்கத்து வீட்டுப் பையன் செஞ்சு குடுத்தான்." "என்ன வயசு அவனுக்கு?" "செஞ்சப்போ 15." அடுத்த கேள்வி ஒரு வினாடி கூட தாமதிக்காம வந்துச்சு. "எந்த கிளாஸ்ல சேர்த்தாங்க அவனை?" எந்த கிளாஸும் இல்லப்பான்னு சொன்னேன். அவர் நம்பல. நல்ல டியூஷன் வாத்தியார் பேரை பக்கத்து வீட்டுக்கு சொல்லாம மறைக்கிறவனைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தார். சாப்பாடு முடியற வரைக்கும் மூணு விதமா கேட்டுப் பாத்தார், யூடியூபா, அப்பா ஐடியில இருக்காரா, ஸ்கூல் கிளப்பான்னு. அப்பா வீடுகளுக்கு கிச்சன் மாட்டுற வேலை பாக்கிறார், அம்மா ஒரு பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்காங்க. அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பம் ஆயிடுச்சு. அவர் போனப்புறம் எனக்கும் அந்தக் கேள்வி போகல. அப்ப இவனுக்கு இது எங்க இருந்துதான் வந்துச்சு?

அவனோட நாள்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இவன் ஒண்ணும் குட்டி மேதை கிடையாது. சாதாரண கவர்ன்மென்ட் ஸ்கூல், இயர் 11, இந்தக் கோடையில ஜிசிஎஸ்இ எழுதுறான், நம்ம பத்தாவது பொதுத் தேர்வு மாதிரி. பிரெஞ்சு சுத்தமா வரலன்னு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து புலம்புவாங்க. காலையில எட்டேகாலுக்கு பிளேஸர் போட்டு, டையை பாதி முடிச்சுப் போட்டு, சட்டை பின்னாடி தொங்க சைக்கிள்ல கிளம்புவான், மூணரைக்கு வந்துடுவான். வந்ததும் ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஃப்ரெண்ட்ஸோட கேம், அந்தக் கத்தல் எங்க வீட்டு சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். அஞ்சரை ஆறு மணிக்கெல்லாம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சிடும். என்னை பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், என் அப்பாவையும் அவர் ஊர்ல இருந்து வந்தப்போ பேர் சொல்லித்தான் கூப்பிட்டான், அப்பாவுக்கு அது ஜீரணமாக ஒரு வாரம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை பேப்பர் போடுறான். இங்க 13 வயசுல இருந்து பார்ட் டைம் வேலை பாக்கலாம், ஆனா கவுன்சில்ல பர்மிட் வாங்கணும், காலையில ஏழு மணிக்கு முன்னாடி கூடாது, சாயங்காலம் ஏழுக்கு அப்புறம் கூடாது, ஸ்கூல் நடக்கிற வாரத்துல 12 மணி நேரத்துக்கு மேல கூடாது. இப்பல்லாம் பேப்பர் வாங்குற வீடே கொஞ்சம்தான், பெரும்பாலும் வயசானவங்க. கிடைக்கிறது சில்லறைக் காசு. ஆனா அந்தக் காசுக்கு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. இது முக்கியம்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. 15 வயசுப் பையன் கையில அவனே சம்பாதிச்ச காசு இருந்து, அதுல அவன் ஒரு சால்டரிங் அயர்னோ ஒரு ஓஎல்இடி ஸ்கிரீனோ வாங்கினா "இது எதுக்கு"ன்னு கேக்க வீட்ல யாருக்கும் உரிமை இல்ல.

போன் விஷயத்துல நம்ம வீடுகள்ல நடக்கிற அதே சண்டைதான் அங்கயும். ஸ்கூல்ல பையை விட்டு போன் வெளிய வரக்கூடாது, 2024 பிப்ரவரியில இங்கிலாந்து அரசே ஸ்கூல்களுக்கு அப்படி வழிகாட்டுதல் குடுத்துச்சு. 2025 ஜூலை கடைசியில ஆன்லைன் பாதுகாப்புச் சட்டப்படி வயசு செக் பண்ற விதி வந்தப்போ அதுல இருந்து நழுவ, இருக்கிற இடத்தை மறைக்கிற விபிஎன் ஆப் டவுன்லோட் நாடு முழுக்க எகிறுச்சு, இவனும் எனக்கு அரை மணி நேரம் விபிஎன் எப்படி வேலை செய்யுதுன்னு கிளாஸ் எடுத்தான். நான் 20 வருஷமா நெட்வொர்க் பக்கத்துலயே குடும்பம் நடத்துறவன், பேசாம கேட்டுக்கிட்டேன். அதே பையன்தான் டியூக் ஆஃப் எடின்பரோங்கிற இளைஞர் அவார்டுக்காக சில்டர்ன் மலைப்பக்கம் ராத்திரி டென்ட் போட்டுத் தங்கி நடக்கப் போனப்போ, போன் எல்லாத்தையும் கவர்ல போட்டு ஒட்டி, அவசரத்துக்கு மட்டும்னு குடுத்துட்டாங்க, கையில ஆர்டினன்ஸ் சர்வே மேப், 1:25,000 ஸ்கேல், ஆரஞ்சு அட்டை. திரும்பி வந்து ரெண்டு நாள் அந்த மேப் பத்தியே பேசினான். வேலி கூட போட்டிருக்கான், தெரியுமா, ஒவ்வொரு வயலோட எல்லையும் இருக்குன்னு. அப்பதான் எனக்கு லேசா தோணுச்சு, இவனுக்குப் பிடிச்சது கேட்ஜெட் இல்ல, எது எப்படி வேலை செய்யுதுங்கிற விஷயம். அது போனா இருந்தாலும் சரி, காகிதமா இருந்தாலும் சரி.

மிக்ஸி பிளக்

எங்க வீட்டு சமையல்கட்டுக்கு அவன் முதல் தடவை வந்தது எங்க பார்சல் ஒண்ணு அவங்க வீட்ல குடுத்துட்டுப் போயிருந்தாங்க, அதைக் குடுக்க. மேடையில மிக்ஸி இருந்துச்சு, ஊர்ல இருந்து கொண்டு வந்தது, பிளக்கை அடாப்டர்ல சொருகி வெச்சிருந்தோம். மூணு உருண்டைப் பின். அவன் பார்சலை வெச்சிட்டு அந்தப் பிளக்கையே பாக்கிறான். "கழட்டிப் பாக்கலாமா?"ன்னு கேட்டான். என் மனைவி மிக்ஸியைத்தான் கழட்டப் போறான்னு பயந்துட்டா. பிளக்கை கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதோட அண்ணன் எங்க ஸ்கூல் டிராமா ஹால்ல இருக்கு"ன்னான்.

விஷயம் என்னன்னா அவன் ஸ்கூல் நாடகத்துக்கு லைட் போடுற டீம்ல இருக்கான். இங்க நாடக மேடை லைட்டுகளுக்கு இன்னைக்கும் 15 ஆம்ப்ஸ் உருண்டைப் பின் பிளக்தான். அது பிரிட்டனோட பழைய ஸ்டாண்டர்டு, பிஎஸ் 546. ஒரு காலத்துல இங்க வீடுகள்லயும் அதான் இருந்துச்சு. நம்ம ஊர்ல 5 ஆம்ப்ஸ் பிளக், 15 ஆம்ப்ஸ் பிளக்னு எலக்ட்ரீசியன் சொல்றாரே, கீசருக்கும் ஏசிக்கும் பெருசு, மிக்ஸிக்கு சிறுசு, அது ரெண்டும் இந்தக் குடும்பம்தான். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. அவன் 1947லயே, பிஎஸ் 1363ன்னு இப்ப இருக்கிற சதுரப் பின்னுக்கு மாறிட்டான், நாம அதே வருஷம் சுதந்திரம் வாங்கிட்டு பழைய பிளக்கை வெச்சுக்கிட்டோம். நான் ரெண்டு நாட்டுலயும் பல வருஷம் இருந்தவன், ரெண்டு பிளக்கையும் தினம் சொருகி எடுத்தவன், இது எனக்குத் தெரியாது.

அதோட விடல. ஏன் மாத்தினாங்கன்னும் சொன்னான். இரண்டாம் உலகப் போர் நேரத்துல, முடிஞ்சப்புறம் வீடு கட்ட என்ன மாதிரி வயரிங் வேணும்னு ஒரு குழு போட்டாங்க, காப்பர் தட்டுப்பாடு, அதனால வீட்டைச் சுத்தி ஒரே வளையமா வயர் ஓட விட்டு எல்லா சாக்கெட்டையும் அதுலயே மாட்டுற முறை வந்துச்சு. வளையம் முழுக்க பெரிய கரண்ட் ஓடும், அப்ப சின்ன டேபிள் லேம்ப் வயரை யார் காப்பாத்துறது? அதான் பிளக்குக்குள்ளயே ஃபியூஸ். எர்த் பின் மத்த ரெண்டை விட நீளம், அது முதல்ல உள்ள போய் மூடியைத் திறந்தாத்தான் மத்த ரெண்டு ஓட்டையும் திறக்கும், குழந்தை ஆணி எதையும் விட முடியாது. அந்தக் குழுவுல கேரோலின் ஹாஸ்லெட்னு ஒரு பெண் எலெக்ட்ரிகல் இஞ்சினியர் இருந்தாங்களாம், அவன்தான் பேர் சொன்னான். ஒரு பழைய பிளக்கைத் திறந்து காட்டி, உள்ள எர்த் வயரை மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு நீளமா விட்டிருப்பாங்க பாருங்க, யாராவது காலால தட்டி இழுத்தா லைவ் வயர்தான் முதல்ல பிடுங்கணும், எர்த் கடைசி வரைக்கும் நிக்கணும்னான். என் மனைவி டீ ஆறிப் போச்சுன்னு ரெண்டாவது தடவை சுட வெச்சா.

ரயில் போர்டு கதையும் இப்படித்தான் ஆரம்பிச்சது. இங்க எல்லா ஸ்டேஷன் போர்டுக்கும் ஆப்புக்கும் தகவல் போறது டார்வின்னு ஒரு சிஸ்டத்துல இருந்து. அதை யார் வேணா பதிவு பண்ணி இலவசமா எடுத்துக்கலாம், நானும் எடுக்கலாம், இத்தனை வருஷம் அந்த ரயில்ல போய்ட்டு வந்தும் எனக்கு அது தோணவே இல்ல. இவன் ராஸ்பெர்ரி பை ஜீரோங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு வாங்கினான், சூயிங் கம் பாக்கெட்டை விட கொஞ்சம்தான் பெருசு, பின் வெச்சதும் விக்குது, வேணும்னே பின் இல்லாதது வாங்கி 40 பின்னையும் அவனே சால்டர் பண்ணினான். முதல் போர்டுல ரெண்டு பின் ஒட்டிக்கிச்சு. புரோகிராம் பாதி இணையத்துல யாரோ போட்டு வெச்சது, மீதி அவன் மாத்தினது. எனக்கு செஞ்ச ரெண்டாவது போர்டுக்கு பார்ட்ஸ் காசு மட்டும் கேட்டான், அம்மா உள்ள இருந்து "உன் நேரத்துக்கும் கேளு"ன்னு கத்தினாங்க, சேர்த்து பத்து பவுண்ட் வாங்கிக்கிட்டான்.

சூரிக் கடிகாரம்

2025 ஈஸ்டர் லீவுக்கு அவனும் அப்பாவும் சுவிட்சர்லாந்து போனாங்க, ரயில்லயே. பிளேன்ல போனா சல்லிசு, ரெண்டு மணி நேரத்துல இறங்கிடலாம். அவன் ஒத்துக்கல. செயின்ட் பேங்க்ராஸ்ல யூரோஸ்டார், பாரிஸ்ல கார் து நார் ஸ்டேஷன்ல இறங்கி ஆர்இஆர்ங்கிற நகர ரயில் பிடிச்சு கார் து லியோன் ஸ்டேஷன், அங்க இருந்து டிஜிவி வேக ரயில்ல சூரிக், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். லண்டன் ஸ்டேஷனுக்குள்ளயே பிரெஞ்சு போலீஸ் உக்காந்து பாஸ்போர்ட் பாக்கிறாங்க, பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் இவங்களுக்கும் முத்திரை உண்டு. அந்த முத்திரையை வந்து காட்டினான். ஷெங்கன் முத்திரையில மூலையில ஒரு குட்டிப் படம் இருக்கும், எதுல வந்தேன்னு. அவனோடதுல ரயில். என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாத்தேன், எல்லாம் விமானம். எனக்கு அந்த ஒவ்வொரு முத்திரைக்கும் முன்னாடி விசா அப்பாயின்ட்மென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லெட்டர், ஹோட்டல் புக்கிங்னு ஒரு ஃபைல் இருக்கு, அந்தக் குட்டிப் படத்தைப் பாக்கிற மனசு எனக்கு எங்க இருந்து வரும். 2025 அக்டோபர்ல இருந்து கைரேகை, போட்டோன்னு மாத்த ஆரம்பிச்சிட்டாங்க, முத்திரையே போகுது, நல்ல வேளை முன்னாடியே வாங்கிட்டேன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம்.

சூரிக்ல முதல் ராத்திரியே சிக்கல். கொண்டு போன ஐரோப்பா அடாப்டர் சுவரு சாக்கெட்ல போகல. சுவிஸ் சாக்கெட் தனி ரகம், அறுகோணக் குழி, ஜெர்மனி பக்கம் ஓடுற குண்டு அடாப்டர் அதுக்குள்ள நுழையாது. ஐரோப்பா பூரா ஒரே பிளக்னு நெனச்ச அப்பாவுக்கு கோவம், பிளக் பைத்தியமான பையன் இதை எப்படி கோட்டை விட்டான்னு. அவனுக்கு அது தெரியுமாம், அப்பா பேக் பண்ணினதை செக் பண்ணலையாம். மறுநாள் ஸ்டேஷன்ல ஒண்ணு வாங்கி, அதைக் கழட்டிப் பாத்து, இப்ப அது அவன் மேஜையில இருக்கு.

அம்மா ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஆல்ப்ஸ் போட்டோ எங்கடான்னா ரெண்டே ரெண்டு இருக்கு. கடிகாரம் மட்டும் நாலு நிமிஷ வீடியோ." அந்த வீடியோவை நான் பாத்தேன், முழுசா பாத்தேன். சூரிக் ஸ்டேஷன் கடிகாரம். வெள்ளை முகம், கருப்புக் கோடு, எண் கிடையாது, நுனியில வட்டம் வெச்ச சிவப்பு வினாடி முள், பழைய காலத்துல ரயிலைக் கிளப்ப ஸ்டேஷன் ஆள் கையில தூக்கிக் காட்டுவாரே அந்தத் தட்டி மாதிரி. அந்த முள் 60 வினாடிக்கு ஓடாது. கிட்டத்தட்ட ஐம்பத்தெட்டரை வினாடியில ஒரு சுத்து முடிச்சிட்டு உச்சியில போய் நின்னுடும். ஒன்றரை வினாடி அசையாது. அப்புறம் தலைமைக் கடிகாரத்துல இருந்து ஒரு சிக்னல் வரும், நிமிஷ முள் டக்குனு ஒரு தாவு தாவும், சிவப்பு முள் கிளம்பும். 1944ல ஹான்ஸ் ஹில்ஃபிக்கர்ங்கிற ரயில்வே இஞ்சினியர் வடிவமைச்சது, சிவப்பு முள் 1953ல சேர்ந்துச்சு. வினாடி முள்ளு அந்தந்தக் கடிகாரத்துல மின்சாரத்துல தன் போக்குல ஓடுது, நாடு முழுக்க வினாடியைச் சேர்த்து ஓட்டுறது அந்தக் காலத்துல நடக்கிற காரியமில்ல, அதனால சீக்கிரம் போய் காத்திரு, நிமிஷம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்னு விட்டுட்டார். நெட்வொர்க்ல சிங்க் பண்றதுன்னு நான் தினம் பேசுற விஷயம்தான். நான் இப்படி வாய் பிளந்து பாத்ததில்ல.

அந்த ரயில் அட்டவணையே அப்படித்தான் வேலை செய்யுதுன்னு அடுத்து ஆரம்பிச்சான். 1982ல இருந்து அங்க மணிக்கு ஒரு வண்டி, ஒரே நிமிஷத்துல. பெரிய ஜங்ஷன்ல எல்லா வண்டியும் மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து சேரும், ஆளுங்க மாறி ஏறுவாங்க, மணி அடிச்சப்புறம் எல்லாம் கிளம்பும். சூரிக்-பெர்ன் ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்தா இந்தக் கணக்கு ஒக்காது, அதுக்காகவே புது லைன் போட்டு 2004 டிசம்பர்ல 56 நிமிஷத்துக்குக் கொண்டு வந்தாங்க. முடிஞ்ச அளவு வேகமா இல்ல, தேவைப்படுற அளவு வேகமா. அங்க மூணு நிமிஷம் தாண்டினா லேட், பிரிட்டன்ல ரொம்ப காலம் அஞ்சு நிமிஷம், நீண்ட தூரம்னா பத்து நிமிஷம் வரைக்கும் சரியான நேரம்னே கணக்குல எழுதிட்டிருந்தாங்கன்னு சொல்லி அவனுக்கு உண்மையாவே மூஞ்சி சுருங்கிப் போச்சு. சொந்த நாடு மானத்தை வாங்கிட்ட மாதிரி.

கருவேப்பிலை

இந்த டிசம்பர்ல நாங்க சென்னை போனப்போ வீட்டுச் சாவி அவன்கிட்டதான். தபால் எடுத்து வைக்கணும், கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தணும். இங்க கருவேப்பிலை வளக்கிறது எவ்ளோ பெரிய போராட்டம்னு இங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும், குளிர்ல ஒரு தடவை தண்ணி கூடிட்டா வேர் அழுகி செத்துடும். திரும்பி வந்து பாத்தா தொட்டியில ரெண்டு இரும்பு ஆணி நட்டிருக்கு, அதுல முதலை கிளிப், அதுல இருந்து வயர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்கு. மைக்ரோபிட். மண்ணு ஈரமா இருந்தா ரெண்டு ஆணிக்கு நடுவுல கரண்ட் நல்லா போகும், காய்ஞ்சா போகாது, அதை எண்ணா மாத்தி, அஞ்சுக்கு அஞ்சு சிவப்பு எல்இடியில சிரிச்ச மூஞ்சி இல்ல அழுமூஞ்சி. எப்பவும் கரண்ட் விட்டா ஆணி சீக்கிரம் அரிச்சுப் போயிடும்னு மணிக்கு ஒரு தடவை மட்டும் ஒரு நொடி விட்டு அளக்கிறான். நாங்க இல்லாத நாள்ல சில வாரம் அவன் தண்ணியே ஊத்தலையாம், மூஞ்சி சிரிச்சுக்கிட்டே இருந்துச்சாம். செடி நாங்க விட்டுட்டுப் போனதை விட நல்லா இருந்துச்சு.

சாவியைக் குடுக்க வந்தவனுக்கு முறுக்கு குடுத்து உக்கார வெச்சோம். நான் அந்த புரோகிராமைப் பாத்துட்டு, ரெண்டு மூணு இடத்துல இப்படிப் பண்ணலாமேன்னு சொன்னேன், தொழில் புத்தி. அவன் கேட்டுக்கிட்டான். அப்புறம் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, ரொம்ப சாதாரணமா, "உங்களுக்கு கம்ப்யூட்டர் பிடிக்குமா?"ன்னு கேட்டான்.

கிண்டல் இல்ல. பிரியாணி பிடிக்குமான்னு கேக்கிற மாதிரி கேட்டான், தெரிஞ்சுக்கணும்னு. எனக்கு வாய் வரல. தேம்ஸ் வேலி பார்க் பக்கம், மைக்ரோசாஃப்ட்டும் ஆரக்கிளும் கொடி நாட்டியிருக்கிற ஊர்ல, கம்ப்யூட்டரை வெச்சே வீடு வாங்கி கார் வாங்கி அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினவன் நான். இந்தக் கேள்வியை என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கவுன்சிலிங்ல கட்-ஆஃபுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்னு மாமா சொன்னார், எடுத்தேன். அதுக்கு முன்னாடி நான் கம்ப்யூட்டரைத் தொட்டது பிரவுசிங் சென்டர்ல. காலேஜ் லேப்ல செருப்பை வெளிய விட்டுட்டு, ஏசியில நடுங்கிக்கிட்டு, நீல ஸ்கிரீன் டர்போ சியில ரெக்கார்டு நோட்ல இருக்கிற புரோகிராமை அப்படியே அடிச்சு அவுட்புட் காட்டி கையெழுத்து வாங்கணும். ஒரு எழுத்து மாத்தி அடிச்சா என்ன ஆகும்னு பாக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணினதில்ல, தோணினாலும் லேப் டைம் முடிஞ்சிடும். "நல்ல வேலைதான், சம்பளம் நல்லா இருக்கு"ன்னு ஏதோ சொன்னேன். "ஃபேர் இனஃப்"னுட்டு அடுத்த முறுக்கை எடுத்தான்.

அன்னைக்கு ராத்திரி மனைவிகிட்ட சொன்னேன். "இதுல என்ன இருக்கு, அவனுக்கு வயித்துப் பாடு இல்ல, நமக்கு இருந்துச்சு"ன்னா. சரிதான். எனக்கு அந்த ஏணியைப் பத்தி வெக்கம் ஒண்ணும் இல்ல, அது இல்லன்னா நான் இங்க இல்ல. ஆனா அவ பதில் பாதிக்குத்தான் காணும். ஏன்னா அவங்க வீடும் ஒண்ணும் பணக்கார வீடு இல்ல, எங்களை விட வருமானம் கம்மி. அதே தெருவுல, அதை விட வசதியா இருக்கிற நம்ம பசங்களுக்கு ஏன் வரல?

டிராயர்ல கிடந்தது

அந்த மைக்ரோபிட் எங்க வாங்கினேன்னு கேட்டேன். வாங்கல, அண்ணனோடது, டிராயர்ல கிடந்துச்சுன்னான். அண்ணன் 2016ல இயர் 7 படிச்சவன். அந்த வருஷம் பிபிசி முன்னாடி நின்னு, பல கம்பெனிகளைச் சேர்த்துக்கிட்டு, நாட்டுல இருக்கிற அந்த வகுப்புப் பசங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணுன்னு பத்து லட்சம் வரைக்கும் இலவசமா குடுத்தாங்க. அண்ணனுக்கு ஆர்வமே இல்ல, ரெண்டு நாள் பேரை ஓட விட்டுட்டு தூக்கிப் போட்டுட்டான். அஞ்சாறு வருஷம் கழிச்சு தம்பி ஒரு மழை ஞாயித்துக்கிழமை வேற எதையோ தேடும்போது கையில கிடைச்சுது. அரசாங்கக் கணக்குல பாத்தா அண்ணன் விஷயத்துல அந்தத் திட்டம் தோல்வி.

பிபிசி இதை முதல் தடவை பண்ணல. 1981 கடைசியில ஏக்கார்ன்ங்கிற கேம்பிரிட்ஜ் கம்பெனி செஞ்ச கம்ப்யூட்டரை பிபிசி மைக்ரோன்னு பேர் வெச்சு ஸ்கூல் ஸ்கூலா கொண்டு போனாங்க, 1982ல டிவியில கம்ப்யூட்டர் நிகழ்ச்சியே ஓட்டினாங்க. அதே வருஷம் ரப்பர் கீ வெச்ச ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் 125 பவுண்டுக்கு வந்துச்சு. ஆன் பண்ணினா நேரா பேசிக்ங்கிற மொழியில புரோகிராம் எழுதச் சொல்லி கர்சர் நிக்கும், அதான் அந்தப் பெட்டிகளோட விசேஷம். அந்த ஏக்கார்ன் ஆட்கள், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும், வடிவமைச்சு 1985ல ஓடின சிப்புதான் ஆர்ம், இன்னைக்கு நம்ம எல்லார் போன்லயும் அதோட வாரிசு. அப்புறம் தொண்ணூறுகள்ல ஸ்கூல்ல கம்ப்யூட்டர்னா வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட்னு ஆயிடுச்சு. 2000க்கு அப்புறம் கேம்பிரிட்ஜுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிக்கிற பசங்க எண்ணிக்கையும் குறைஞ்சுது, வர்றவங்களும் எதையும் நோண்டிப் பாத்திருக்கல. அதைப் பாத்து எபன் அப்டன்னு ஒருத்தரும் சகாக்களும் சேர்ந்து யோசிச்சதுதான் ராஸ்பெர்ரி பை, 2012 பிப்ரவரி 29ல விக்க ஆரம்பிச்சது. உடைஞ்சா அப்பா அடிக்காத விலையில ஒரு கம்ப்யூட்டர். 2015 நவம்பர்ல பை ஜீரோவை ஒரு பத்திரிகை அட்டையில ஒட்டி இலவசமாவே குடுத்தாங்க.

இதைச் சொல்றது எதுக்குன்னா, "வெள்ளைக்காரப் பசங்க அப்படித்தான், சுதந்திரமா வளர்றாங்க"ன்னு நம்ம ஆளுங்க சுலபமா சொல்லிடுவாங்க. அப்படி ஒரு ரத்தம் ஒண்ணும் கிடையாது. அவன் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேருக்கு ஃபுட்பால், மீதிப் பேருக்கு ஸ்கிரீன், இவன் ஒருத்தன்தான் இப்படி. ஜிசிஎஸ்இ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறவங்கள்ல பொண்ணுங்க ஐந்துல ஒரு பங்குதான் இருப்பாங்க, அதுல யாரும் பெருமைப்பட ஒண்ணும் இல்ல. இங்க நடந்தது என்னன்னா, பொதுக் காசுலயும் நன்கொடையிலயும் சல்லிசான சாமானை டிராயர் டிராயரா நிரப்பி வெச்சாங்க, பெரும்பாலும் வீணாப் போகும்னு தெரிஞ்சே. அப்புறம் மழை பெய்யுற ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எங்கயும் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாத ஒரு பையன். சாமான் இன்னைக்கு நம்மகிட்டயும் இருக்கு, எந்தத் தமிழ் வீட்டுல இங்க பழைய லேப்டாப் இல்ல? அந்த சாயங்காலம்தான் இல்ல. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பரதம், நீச்சல், ஞாயிறு 11 பிளஸ் டியூஷன், அது கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வு, ரெடிங்ல ரெண்டே கிராமர் ஸ்கூல், ஆணுக்கு ஒண்ணு பெண்ணுக்கு ஒண்ணு, அதுக்கு இயர் 4லயே ஓட்டம் ஆரம்பிச்சிடுது. இதுக்கு மேல கோடிங் கிளாஸ். கிளாஸ்ல முதலை கிளிப்பைக் கூட வாத்தியார்தான் மாட்டிக் குடுப்பார், ஆணி துருப்பிடிக்கிற வரைக்கும் யார் காத்திருக்கப் போறாங்க.

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். ஒரு பை வாங்கிக் குடுத்துட்டு ரெண்டு மாசம் ஒண்ணும் கேக்காதீங்கன்னேன். "ஒண்ணும் கேக்காம எப்படிண்ணே, செப்டம்பர்ல எக்ஸாம் இருக்கே"ன்னார். அவரையும் குத்தம் சொல்ல முடியல. என் பொண்ணுக்கு இன்னும் ஆறு வயசுதான், அவ முறை வரும்போது நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியல, வீட்ல இப்பவே 11 பிளஸ் பேச்சு காதுல விழ ஆரம்பிச்சாச்சு. இப்போதைக்கு அவளும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து செடி மூஞ்சியை மாத்தியிருக்காங்க, தண்ணி இல்லன்னா நாக்கு நீட்டுது.

பையன் இப்ப ஜிசிஎஸ்இக்கு படிக்கிறதை விட ஐரோப்பாவை ஒரே பாஸ்ல ரயில்ல சுத்துற இன்டர்ரெயிலுக்கு ரூட் போடுறதுலதான் மும்முரமா இருக்கான். ஜூன் கடைசியில பரீட்சை முடிஞ்சா செப்டம்பர் வரைக்கும் லீவு. இந்தப் பாஸ் 1972ல 21 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்குன்னு ஆரம்பிச்சதாம், அவனுக்கு எல்லாம் தெரியும். சூரிக் திரும்பவும் உண்டு, அங்க இருந்து வியன்னா, ராத்திரி வண்டியில. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கூட வர்றாங்க. சிக்கல் என்னன்னா நிறைய ஹாஸ்டல்ல 18 வயசு ஆகாதவங்களைத் தனியா சேர்க்க மாட்டாங்க, அம்மாவும் பெரியவங்க யாராவது கூட இருந்தாத்தான்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. அண்ணனைக் கேட்டிருக்காங்க. அண்ணனுக்கு ரயில்னாலே அலர்ஜி, செலவை யாராவது ஏத்துக்கிட்டா யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கான். அப்பா பாதி தர்றேங்கிறார், மீதிக்கு இவன் பேப்பர் காசு போதாது. போன வாரம் வந்து, உங்க ஃப்ரெண்டு யாருக்காவது ரயில் போர்டு வேணுமான்னு கேட்டுட்டுப் போனான். இந்தத் தடவை விலை ஏத்திட்டான், லேபர் இருபது பவுண்ட்.